மலையே இல்லாத ஊரில் ஒரு மலைப்பாம்பு

காலை 5.50. நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் காரைக்கால் வண்டி நிற்கிறது, ஓட்டுநரைக் காணோம். டீ குடிக்கப் போயிருக்கிறாராம். நான் ஏறி உட்கார்ந்தேன், இறங்கினேன், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி ஏறினேன். படிக்குப் பக்கத்தில் அன்னக்கூடையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாள் பொறுமை இழந்துவிட்டார். "ஏறுனா ஏறுங்க, எறங்குனா எறங்குங்க, வழியிலயே நின்னு உசுர வாங்காதீங்க" என்று ஓர் அதட்டுப் போட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு உட்கார வராது.

என் வேலையும் அப்படி அமைந்துவிட்டது. பள்ளிக்கூட ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கிறேன். நுண்ணோக்கி, சோதனைக் குழாய், சுவரில் மாட்டும் விலங்கியல் படங்கள், குடுவைக்குள் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் பாம்புகள். திண்டுக்கல்லில் வீடு என்று ஒன்று இருக்கிறது, மாதத்தில் பத்து நாள் இருந்தால் அதிகம். இருபது வருஷம் பாம்புப் படம் விற்றதில் பாம்பைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். ஆனால் ஒரு மலைப்பாம்பைக் காட்டிலோ மேட்டிலோ உயிரோடு பார்த்ததே கிடையாது. மிருகக்காட்சி சாலைக் கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடப்பதைப் பார்த்ததோடு சரி.

முந்தின நாள் சாயங்காலம் செல்வத்திடமிருந்து போன். கல்லூரி விடுதியில் என் அறைக்காரன், இப்போது காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, மிச்ச நேரத்துக்கு விவசாயம். "டேய், எங்க வயல் மதகுல மலைப்பாம்பு கெடக்குடா. பாத்ததே இல்ல, பாத்ததே இல்லன்னு பொலம்புவியே. நாகப்பட்டினத்துலதான இருக்க? காலையில வந்து சேரு" என்றான். மறுநாள் இரண்டு பள்ளிகளுக்குப் போக வேண்டியிருந்தது, கோடை விடுமுறையில்தான் அடுத்த வருஷத்துச் சாமானுக்கு எழுதுவார்கள். இரண்டுக்கும் போன் போட்டு வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன்.

ஆறேகாலுக்கு வண்டி கிளம்பியது. நாகூர் தாண்டியதும் வாஞ்சூர். அங்கே புதுச்சேரி ஆட்சி தொடங்குகிறது என்பதை எந்தப் பலகையும் சொல்ல வேண்டாம், அந்தக் காலை நேரத்திலேயே மூடிய சாராயக் கடைகளின் வாசலில் காத்திருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பெட்ரோல் பங்கில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. திருமலைராயன்பட்டினம், அப்புறம் அரசலாற்றுப் பாலம், அப்புறம் காரைக்கால். மொத்தம் இருபது கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று முறை மணி பார்த்தேன். அங்கிருந்து பொறையார் வண்டியில் வடக்கே ஆறு கிலோமீட்டர் போய் வரிச்சிக்குடியில் இறங்கினேன். செல்வம் பைக்கோடு நின்றான்.

வரிச்சிக்குடியிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனோம். மே மாதம். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, வயல்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. அங்கங்கே பருத்தி மட்டும் பச்சையாக நின்றது. காவிரித் தண்ணீர் இந்தக் கடைமடைக்கு வந்து சேர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று செல்வம் சொன்னான். கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையான பூமி. ஆள் உயர மேடு கூட இல்லாத இந்த ஊரில் மலைப்பாம்புக்கு என்ன வேலை என்று கேட்டேன். "வெள்ளத்துல அடிச்சிட்டு வரும்பாங்க. ஆத்தங்கரை நாணல்ல காலங்காலமா இருக்கும்பாங்க. எவன் பாத்தான்?" என்றான்.

காலை 8.15. வண்டிப்பாதைக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போவதற்காகப் புதைத்த சிமெண்டுக் குழாய். இரண்டடி விட்டம், பன்னிரண்டு அடி நீளம். இதைத்தான் மதகு என்கிறார்கள். சுற்றி இருபது பேர் நின்றார்கள். நான் வறண்ட வாய்க்காலுக்குள் இறங்கிக் குப்புறப் படுத்து டார்ச் அடித்தேன்.

என்னத்தைச் சொல்ல! குழாயின் நடுவில், அடுக்கி வைத்த மாதிரி, மஞ்சளும் பழுப்பும் கலந்த உடம்பு சுருள் சுருளாக ஏறியிருந்தது. என் தொடை பருமன் இருக்கும். மேலே அந்தத் தலை, ஈட்டி முனை போல நெற்றியில் ஓர் அடையாளத்தோடு, என்னையே பார்த்தபடி அசையாமல் இருந்தது. நான் படத்தில் விற்ற பாம்பும் இதுவும் ஒன்றல்ல. கண் கலங்கிவிட்டது எனக்கு. நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் கண் கலங்குமா என்று கேட்கக் கூடாது, கலங்கியது.

செல்வம் வனத்துறைக்குப் போன் போட்டான். ஒரு வனக்காவலர் எடுத்தார். வேறோர் இடத்தில் இருக்கிறார், நாலு மணிக்குள் ஜீப்போடு வந்துவிடுவார். அதுவரைக்கும் பொறுப்பான ஆள் ஒருவர் மதகு பக்கத்திலேயே இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக் கூடாது, விரட்டவும் கூடாது, சட்டப்படி குற்றம். செல்வம் என்னைப் பார்த்தான். "நீ இருக்கியா? நான் ஆபீசுக்குப் போய்த் தலையக் காட்டிட்டு மத்தியானத்துக்கு மேல வந்துர்றேன்." நான்தான் இருப்பேனே! இதற்காகத்தானே வந்தேன். போனை வாங்கி வனக்காவலரிடம் நானே சொன்னேன், நான் இருக்கிறேன் என்று.

9.15க்குச் செல்வம் போய்விட்டான். பூவரச மரத்து நிழலில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அப்போதுதான் மல்லிகாவைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார், மதகின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து வயல்காரர். மூன்று நாளாக அவருடைய ஆட்டைக் காணோம். சனிக்கிழமை மாலை மேயப் போன ஆடு திரும்பவில்லை, திங்கட்கிழமை மதகில் பாம்பு இருப்பது தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆடு போனா போவுதுன்னு விட்ர முடியாதுங்க சார்" என்றார். "நேந்து விட்ட ஆடு. எம் மவளுக்கு மொதப் புள்ள தங்கல. இது ரெண்டாவது. அடுத்த மாசம் பேறுகாலம். நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு காளியம்மனுக்கு நேந்துக்கிட்டு, மஞ்சத் துணி கட்டி விட்டது. வர்ற வெள்ளிக்கெழம திருவிழா. இது வயித்துல அது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாவணும். இருந்துச்சுன்னா பூசாரியக் கேட்டு வேற பரிகாரம் பண்ணணும். தெரியாம எப்படிங்க ராத்திரி தூங்குறது?"

இதற்கு நான் நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? "நாலு மணிக்கு ஆபீசர் வருவார், தெரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இருபது வருஷம் தலைமை ஆசிரியர்களிடம் பேசிப் பேசிப் பழுத்த வாய் இது. எழுந்து நின்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

எவ்வளவு நீளம் வளரும் என்று ஒருவர் கேட்டார். நம் ஊர் மலைப்பாம்பு சாதாரணமாக எட்டு அடியிலிருந்து பன்னிரண்டு அடி, அபூர்வமாக அதற்கும் மேலே என்றேன். "டிவில முப்பது அடி காட்டுனாங்களே?" அது வேறு நாட்டு இனம், அதையும் டிவிக்காரன் கொஞ்சம் இழுத்து நீட்டியிருப்பான் என்றேன். சிரித்தார்கள். விஷம் கிடையாது. பல் மட்டும் உள்பக்கம் வளைந்திருக்கும், கடித்த இரை பின்னால் வர முடியாது. உதட்டு ஓரத்தில் சின்னக் குழிகள் இருக்கும், அவற்றால் எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் கண்டுகொள்ளும். பிடித்துச் சுற்றி இறுக்கும், இரையின் ரத்த ஓட்டம் நின்றுவிடும், பிறகு தலையிலிருந்து நிதானமாக விழுங்கும். பெருச்சாளி, முயல், வாத்து, நரிக்குட்டி, ஆட்டுக்குட்டி. ஒரு பெரிய சாப்பாடு சாப்பிட்டால் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். வாய்க்கால் கரையில் எலி கொழுத்த ஊரில் அது இருப்பது உங்களுக்குத்தான் லாபம் என்றேன்.

"அப்ப மண்ணுளிப் பாம்பு இதோட குட்டியா?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லையம்மா, அது வேறு குடும்பம். இரண்டு மூன்று அடிக்கு மேல் வளராது, மண்ணுக்குள் இருந்துகொண்டு எலி தின்னும், வால் மொண்ணையாக இருப்பதால் இரண்டு தலை என்கிறார்கள். அது குட்டி போடும், மலைப்பாம்பு முட்டை போடும். "அது நக்குனா குஷ்டம் வருமே?" வராது, யாரையும் நக்கின பாம்பு உலகத்தில் கிடையாது என்றேன். அவள் நம்பவில்லை. என் முழங்கையில் இருந்த சொறித் தழும்பை ஒரு மாதிரி பார்த்தாள்.

9.50 இருக்கும். மதகின் வாயில் குனிந்திருந்தவர் கத்தினார்: "துள்ளுது! உள்ள துள்ளுது!"

ஓடிப் போய்ப் படுத்து டார்ச் அடித்தேன். உண்மைதான். பாம்பின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சில விநாடி இடைவெளி, மறுபடி ஒரு துடிப்பு, மறுபடி இடைவெளி. தலை அசையவே இல்லை. "ஆடு உசுரோட இருக்கு! கால ஒதைக்குது பாருங்க!" என்று மல்லிகா அலறினார். கூட்டமே வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

எனக்குப் பொறி தட்டியது. அடைகாக்கும் மலைப்பாம்பு இப்படித்தான் உடம்பைச் சிலிர்த்துச் சிலிர்த்து முட்டைக்குச் சூடு கொடுக்கும். இரண்டு மாதம் கிட்டத்தட்ட ஒன்றும் தின்னாமல் சுற்றிக்கொண்டு கிடக்கும். படித்திருக்கிறேன், பள்ளிகளில் சொல்லியும் இருக்கிறேன். "இது ஆடு இல்லைங்க, அடியில் முட்டை இருக்கணும். அடைகாக்குது. வளர்ந்த ஆட்டை முழுங்கற அளவுக்கு இது பெரிசும் இல்லை" என்றேன்.

"முட்டைய நீங்க பாத்தீங்களா?"

"பார்க்கலை. சுருளுக்கு அடியில் இருக்கும், வெளியே தெரியாது."

"துள்ளுறத நாங்க பாத்தோமே" என்றார் ஒரு பெரியவர். கூட்டம் அவர் பக்கம்.

மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், படிச்சவங்க நீங்க. முழுங்குனத வெளியில எடுக்க வழியே இல்லையா?"

இந்த இடத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்துவிட்டேன்! தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "வழியெல்லாம் எதுக்குங்க? மலைப்பாம்பைத் தொந்தரவு பண்ணினா அதுவே தின்னதைக் கக்கிடும். பயந்தா ஓடணும் இல்லையா, அதுக்கு உடம்பு லேசாகணும். ஆனா பண்ணக் கூடாது, சட்டப்படி தப்பு" என்றேன். பின்பாதியை எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். எழுந்தேன். மணி 10.15. நாலு மணிக்கு இன்னும் ஐந்தே முக்கால் மணி நேரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாம்பு கிடந்த இடத்தில் கிடந்தது, கூட்டம் நின்ற இடத்தில் நின்றது. எனக்குக் கால் அரித்தது. பேச்சுவாக்கில் அந்தப் பெரியவர் சொன்னார், சனிக்கிழமை வரை பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்களாம். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கோடையில் நூற்றுக்கணக்கில் ஆடு ஓட்டி வருவார்கள், வயலில் அடைத்தால் புழுக்கை உரமாகும். சனிக்கிழமை சாயங்காலம் கிடையைக் கிளப்பித் தெற்கே சுரக்குடிப் பக்கம் ஓட்டிப் போனார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம்! துள்ளி எழுந்துவிட்டேன். ஆடு கிடையோடு சேர்ந்து போயிருக்கிறது, வேறென்ன? அதைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் இந்தப் பாம்பின் மேல் இருக்கிற பழி தீர்ந்தது. மல்லிகாவுக்கு ஆடு, பாம்புக்கு உயிர், எனக்கு நல்ல பேர். எல்லாம் கணத்தில் கண்முன் ஓடியது.

"நாலு மணிக்கு முன்னாடி உங்க ஆட்டோட வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்" என்றேன் மல்லிகாவிடம்.

அவர் தயங்கினார். "ஆபீசர் உங்களத்தான இங்க இருக்கச் சொன்னாங்க? நீங்க இருந்தீங்கன்னா இவங்க கொஞ்சம் அடங்கி நிப்பாங்க."

"ரெண்டு மணி நேரம்தாங்க" என்று கையை வீசிவிட்டு நடந்தேன். அவர் போன் நம்பரைக் கூட வாங்கவில்லை.

10.50. வரிச்சிக்குடியில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் ஹாஜா, என்னைவிட நாலைந்து வயது சிறியவர். அரை நாளுக்கு எண்ணூறு ரூபாய் என்றார், சரி என்றேன். விஷயத்தைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். "பாம்பக் காப்பாத்த ஆட்டத் தேடிப் போறீங்களா? நல்ல ஆளு சார் நீங்க. எத்தனையோ சவாரி ஏத்திருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு ஏத்தலை" என்று சிரித்தார். காரைக்கால் நெரிசலுக்குள் நுழையாமல் தலத்தெரு வழியாகத் திருநள்ளாறு சாலையைப் பிடித்தார். செவ்வாய்க்கிழமை ஆனதால் திருநள்ளாற்றில் கூட்டம் இல்லை. எள்விளக்குக் கடைக்காரர்கள் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். "சனிக்கெழம இந்த ரோட்டுல எறும்பு நுழைய முடியாது" என்றார் ஹாஜா.

11.45, சுரக்குடி. கிடை இருந்த வயலில் புழுக்கை மட்டும் கிடந்தது. நேற்றே கிளம்பிவிட்டார்கள், மேற்கே போனார்கள் என்றார் பம்ப்செட்டில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர். மேற்கே என்றால் தமிழ்நாடு. இந்தப் பக்கத்தில் எல்லை என்பது வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரிதான், ஒரு தெருவின் இந்த முனை புதுச்சேரி, அந்த முனை தமிழ்நாடு. சாலையின் குண்டுகுழி மாறியதும் ஹாஜா "இப்ப நம்ம ஸ்டேட் மாறிட்டோம் சார்" என்று அறிவித்தார். இரண்டு ஊரில் விசாரித்தோம், ஒரு ஊரில் தப்பாகக் கைகாட்டிவிட்டார்கள், நான் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து எழுந்து தலையை இடித்துக்கொண்டேன்.

பிற்பகல் 1.50. கருவேல நிழலில் ஐந்நூறு ஆடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன. கிடைக்குத் தலைவரான கீதாரி, தலைப்பாகையோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "மஞ்சத்துணி ஆட்டுக்கு வந்தீகளா?" என்று கேட்டார். ஒரு மரத்தில் அது தனியே கட்டியிருந்தது. கருப்பு ஆடு, கழுத்தில் மஞ்சள் துணி, வாயில் கருவேலங்காய்.

"நேத்திக்கடன் ஆடுண்ணே, நாங்க தொட மாட்டோம். நாலு ஊருல கிடை போட்டு வந்தோம், எந்த ஊர்ல வந்து ஒட்டிக்கிருச்சுன்னு தெரியல. ஆள் வரட்டும்னு தண்ணி காட்டிக் கட்டி வச்சிருக்கேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். என்ன மனுஷர்!

செல்வத்துக்குப் போன் செய்து, ஆடு கிடைத்ததை மல்லிகாவிடம் சொல்லச் சொன்னேன், ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான். "மல்லிகா அக்கா போன் எடுக்க மாட்டேங்குறாங்கடா. நானும் கெளம்பிட்டேன், நேர்ல சொல்லிடுறேன்" என்றான். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டைப் பின்சீட்டில் என் காலருகே நிறுத்தி ஏற்றினோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி ஹாஜாவுக்கும் எனக்கும் ஆளுக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கினேன். ஆட்டுக்கு ஒரு வாழைப்பழம். சிரித்துப் பேசிக்கொண்டு பதினைந்து நிமிஷம் அங்கே நின்றிருப்போம்.

3.20. வண்டிப்பாதையில் ஆட்டோ திரும்பியதும் புகை வாடை அடித்தது. வைக்கோல் புகை.

கூட்டம் கலைந்து தள்ளித் தள்ளி நின்றது. செல்வம் பைக்கில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதகின் வாயில் ஒரு மண்பானை கவிழ்ந்து கிடந்தது. டெல்டா முழுக்க வயல் எலி பிடிக்கிற பானை அது. வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, அடியில் இருக்கிற ஓட்டை வழியே ஊதினால் வளைக்குள் புகை போகும், மூச்சு முட்டி எலி வெளியே வரும். வைத்தால் வராத எலி கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் பானையை வைத்தார்களாம். மறுமுனையைத் திறந்தே விட்டிருந்தார்கள், பாம்பு ஆட்டைக் கக்கிவிட்டு அந்த வழியே ஓடட்டும் என்று. யாருக்கும் அதைக் கொல்லும் எண்ணம் இல்லை. அரை மணி நேரம் ஊதினார்கள். அது ஓடவில்லை. கக்கவும் இல்லை.

மல்லிகா வாய்க்கால் கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், நைட்டி எல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதார். "நீங்க சொன்னபடிதான் சார் செஞ்சோம். தொந்தரவு பண்ணுனா கக்கிடும்னீங்களே. அது கக்கல. துள்ளுறதும் நின்னு போச்சு. உள்ளயே செத்துப் போச்சு சார் எங்க ஆடு."

என் பின்னால் ஆட்டோவிலிருந்து ஹாஜா ஆட்டை இறக்கினார். அது மல்லிகாவைக் கண்டதும் கத்தியது.

அவர் ஆட்டைப் பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். எழுந்து போய்க் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். எழவில்லை. மதகைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உள்ள துள்ளுனது எது?" என்றார்.

 ஹாஜா ஆட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

3.50க்கே ஜீப் வந்துவிட்டது. வனக்காவலர் இளைஞர், மெலிந்த ஆள். பானையைப் பார்த்தார். குழாய்க்குள் ஊர்ந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து "யாராவது பிளாஸ்டிக் கூடை கொண்டாங்க, அடியில வைக்கோல் போட்டு" என்ற குரல் மட்டும் கேட்டது. முட்டைகளை ஒவ்வொன்றாக, மேல்பக்கம் எது என்று பென்சிலால் புள்ளி வைத்து, புரட்டாமல் எடுத்துக் கொடுத்தார். வாத்து முட்டையைவிடப் பெரிசு, தோல் மாதிரி மெத்தென்ற ஓடு. இருபத்தாறு. கடைசியில் பாம்பு. சுற்றிய சுருள் பிரியாமலே செத்திருந்தது. வெளியே இழுத்து டேப் வைத்து அளந்தார்கள். ஒன்பதரை அடி, வயிறு ஒட்டிப் போயிருந்தது. பல வாரமாக அது எதையும் தின்றிருக்கவில்லை.

மல்லிகா அந்த முட்டைக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓடியிருக்கலாமே. அந்தப் பக்கம் வழி விட்டுத்தான வச்சிருந்தோம். ஏன் ஓடல?" என்று வனக்காவலரிடம் கேட்டார். அவர், "முட்டைய விட்டுட்டு எங்கம்மா ஓடும்?" என்றார். மல்லிகா மடேர் மடேர் என்று வயிற்றில் அடித்துக்கொண்டார். "பெத்துக் காத்துக் கெடந்தவளக் கொன்னுட்டேனே! எம் மவ நெறமாசமா இருக்குறப்ப நான் இந்தக் கையால செஞ்சுட்டேனே!" என்று அவர் கதறியதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆட்டை யாரோ பிடித்து மரத்தில் கட்டினார்கள்.

மாலை 5.10, காரைக்கால் வனத்துறை அலுவலகம். முட்டைக் கூடையை ஆட்டாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்றதால் ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். பக்கத்தில் மல்லிகா, எதிரே செல்வம். வனக்காவலர் ஒரு அறையில் வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். புகை போட்டது யார் என்று கேட்டார். செல்வம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நான்தாங்க போட்டேன்" என்றார் மல்லிகா. "பானையும் என்னுது. ஊதுனதும் நான்."

"போடச் சொன்னது நான்" என்றேன். "தொந்தரவு பண்ணினா கக்கும்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னவன் நான். உங்ககிட்டப் போன்ல காவல் இருக்கேன்னு ஒத்துக்கிட்டவனும் நான். பதினொரு மணிக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டேன். என் பேரை முதல்ல எழுதுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க போனீங்க?"

"ஆடு தேட."

"நாலு மணிக்கு நான்தான் வர்றேன்னேனே சார். அதுக்குள்ள என்ன அவசரம்?"

எழுதினார். மேலதிகாரி காலையில் விசாரிப்பார், இரண்டு பேரும் பத்து மணிக்கு வர வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டோம். முட்டை பொரிக்குமா என்று மல்லிகா கேட்டார். சூடும் ஈரமும் சரியாக வைத்துப் பார்ப்போம், புகை எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல முடியாது, இன்னும் பல வாரம் ஆகும் என்றார் வனக்காவலர்.

வாசலுக்கு வந்ததும் மல்லிகா என்னைத் தனியாக அழைத்தார். அழுது முடித்துக் குரல் கட்டியிருந்தது. "கேசு வந்தா வரட்டும், நான் பாத்துக்குறேன். எம் மவளுக்கு மட்டும் இது தெரியக் கூடாது சார். முட்டை, அடைகாத்தது, அதெல்லாம் தெரிஞ்சா பேறுகால நேரத்துல அவ மனசு என்னத்துக்கு ஆவும்? ஊர்ல எல்லாருக்கிட்டயும் கேட்டுக்கப் போறேன். உங்ககிட்டயும் கேக்குறேன். நீங்க நெறயப் பேசுறவங்க, அதான்."

சரிங்க என்றேன்.

மறுநாள் விசாரணை முடிந்து, பிற்பகல் 1.15 நாகப்பட்டினம் வண்டியில் ஏறினேன். இதை எழுதலாமா என்று பல மாதம் யோசித்தேன். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் சுகம் என்று செல்வம் சொன்ன பிறகுதான், பெயர்களை எல்லாம் மாற்றி எழுதுகிறேன். முட்டைகளில் நான்கு மட்டும் பொரித்தன என்றும் அவன்தான் சொன்னான்.

அன்று வண்டி அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். வெளியூரா, எந்த ஊர், காரைக்காலுக்கு என்ன விசேஷமாக வந்தீர்கள் என்று கேட்டார். வாஞ்சூர் வரை, அதைத் தாண்டி நாகூர் வரை, எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

"சும்மாதாங்க" என்றேன்.